பூட்டிய அறையில் ஒரு ராடு: வடசென்னைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னைக் கல்லூரிகளின் மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது தண்டையார்பேட்டையில் இயன்முறை மருத்துவராகப் பணி செய்கிறேன். கல்லூரி நாட்களில் இரண்டு ஆண்டுகள் 52 கிலோ எடைப்பிரிவில் வலுதூக்கும் (பவர்லிஃப்டிங்) போட்டிகளில் கலந்துகொண்டவள் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கல்லூரியில் வலுதூக்கும் ராடும் (நீண்ட இரும்புத் தண்டு) அதில் மாட்டும் எடைப் பிளேட்டுகளும் இருந்தால், போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களுக்கு மட்டும் அவற்றை வெளியே எடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, கல்வியாண்டு முழுவதும் எந்த மாணவரும் எந்த மாணவியும் வந்து பழகும்படி அந்த அறையைத் திறந்துவையுங்கள். இல்லாத கல்லூரிகள் வாங்கிவையுங்கள்.

இப்போது நடப்பதை நான் பல கல்லூரிகளில் பார்த்திருக்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் அறிவிப்பு வந்ததும், வெளியே மாதக் கட்டணம் கட்டி ஜிம்முக்குப் போகும் நான்கைந்து மாணவர்களை வகுப்பு வகுப்பாக விசாரித்துப் பிடிக்கிறார்கள். யாருடைய எடை எந்தப் பிரிவுக்குப் பொருந்தும் என்று பார்த்துப் பெயர் கொடுக்கிறார்கள். கல்லூரியின் பெயர் அச்சிட்ட பனியனை மாட்டி அனுப்புகிறார்கள். பதக்கம் வந்தால் அறிவிப்புப் பலகையில் படம் ஏறுகிறது. மறுநாள் ராடு சாமான் அறைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த மாணவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களைப் பலசாலிகளாக்கியதில் கல்லூரிக்கு என்ன பங்கு இருக்கிறது? அதே கல்லூரியில் படிக்கும் மற்ற இரண்டாயிரம் பேருக்கு அந்த இரும்பினால் என்ன பயன் கிடைத்தது?

வலுதூக்குதலையும் பளுதூக்குதலையும் ஒன்றாக நினைப்பவர்கள் உடற்கல்வித் துறைக்கு வெளியே நிறையப் பேர் உண்டு என்பதால், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் வேலூர் சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த் தங்கம் வென்றது பளுதூக்குதலில். அங்கே ராடைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். அந்த வேகத்தையும் நுணுக்கத்தையும் கற்கப் பல ஆண்டுகளும், எந்நேரமும் அருகில் நிற்கும் பயிற்சியாளரும் தேவை. வலுதூக்குதலில் மூன்றே அசைவுகள். ராடைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். பலகையில் படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடப்பதைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். நம் பாட்டன்மார் தேகப்பயிற்சிசாலையில் போட்ட பஸ்கியும் தண்டாலும், ஊர்ப் பொதுவில் இளைஞர்கள் தூக்கிப் பார்த்த இளவட்டக்கல்லும் இவற்றுக்கு வெகு தூரத்தில் இல்லை. போட்டியில் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று வாய்ப்புகள் தரப்படுகின்றன. அவற்றில் தூக்கிய அதிக எடைகளைக் கூட்டினால் வருவது மொத்தம். மூன்று நடுவர்களில் இருவர் வெள்ளை விளக்கு காட்டினால்தான் தூக்கியது செல்லும். ஸ்குவாட்டில் இடுப்பு மூட்டு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்காவிட்டால், எத்தனை கிலோ தோளில் இருந்தாலும் சிவப்புதான்.

அகில உலக வலுதூக்கும் கூட்டமைப்பு 1972-இல் உருவானது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கான 'உலக விளையாட்டுகள்' (World Games) போட்டியில் 1981 முதல் வலுதூக்குதல் இடம்பெற்று வருகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி நடத்துகிறது. போட்டி விதிகளில் 19 முதல் 23 வயது வரையுள்ளவர்கள் ஜூனியர் பிரிவினர். ஏறக்குறைய நம் மாணவர்களின் வயது முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. எடைப்பிரிவுகள் இருப்பதால், உயரமில்லாத, ஒல்லியான மாணவர் தன்னையொத்த உடல்வாகு கொண்டவருடன்தான் மோதுகிறார். கூடைப்பந்து அணியிலும் கைப்பந்து அணியிலும் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ பேருக்கு இது மட்டுமே வாசல் திறந்திருக்கும் விளையாட்டு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாராலிம்பிக்கில் பெஞ்ச் பிரஸ் தனி விளையாட்டாகவே இருக்கிறது. 2004 ஏதென்ஸில் இந்திய வீரர் ராஜிந்தர் சிங் ரஹேலு 56 கிலோ பிரிவில் அதில்தான் வெண்கலம் பெற்றார். உங்கள் கல்லூரியில் காலில் பாதிப்புள்ள ஒரு மாணவர் விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தால், அவருக்கும் அந்த அறையில் ஒரு பலகை போட முடியும்.

எங்கள் பகுதிப் பெற்றோர் இந்த விளையாட்டுக்குச் சட்டென்று தலையாட்டமாட்டார்கள். அதற்குத் தக்க காரணமும் உண்டு. வடசென்னையில் சுமை தூக்குவது என்றால் கூலி வேலை. அந்த வேலை உடம்பை என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு தெருவும் அறியும். என் அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்தவர். ஒரு நாளைக்கு எத்தனை என்று அவர் எண்ணியதில்லை. லோடு தீரும்வரை சுமப்பார். 46 வயதில் இடுப்பு விட்டுப்போய், அதன்பிறகு ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார். அவருடைய உள்ளங்கை தேங்காய் ஓடுபோல் இருக்கும். நான் பயிற்சி தொடங்கிய முதல் மாதத்தில் என் கையிலும் விரல்களின் அடியில் நான்கு காய்ப்புகள் விழுந்தன. ஒருநாள் சோறு போடும்போது அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், பெருவிரலால் அந்தக் காய்ப்புகளைத் தடவினார், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மகள் எந்த வேலையைச் செய்யக் கூடாது என்று அவர் காலமெல்லாம் சுமந்தாரோ, அந்த வேலையின் அடையாளம் என் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு ஒரு போட்டியில் 105 கிலோ டெட்லிஃப்ட் செய்துவிட்டு வந்து சொன்னபோது, "ரெண்டு மூட்டைக்கு மேலயா? இடுப்பு வலிக்குதாம்மா?" என்று கேட்டார். வலிக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஏன் வலிக்கவில்லை என்பதை அன்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. படித்து முடித்த பின்புதான் தெரிந்தது. அப்பா 50 கிலோ மூட்டையை ஒரு பக்கத் தோளிலும் கழுத்திலும் ஏற்றி, முதுகை வளைத்து, நாள் முழுவதும், ஓய்வும் போதிய உணவும் இல்லாமல் நூற்றுக்கணக்கான முறை சுமந்தார். நான் உடலின் நடுவில், இரு கைகளுக்கும் சமமாக, முதுகை நேராக வைத்து, ஐந்து முறை தூக்கி மூன்று நான்கு நிமிடம் உட்கார்ந்து, வாரத்தில் மூன்று நாள் மட்டும் தூக்கினேன். உடல் பழகிய பிறகே 2.5 கிலோ கூட்டினேன். தசையும் எலும்பும் தசைநாரும் சுமைக்குப் பதில் சொல்லக்கூடியவை. அளவான சுமை கொடுத்து ஆறவிட்டால் அவை தடித்து உறுதியாகின்றன. ஆறவிடாமல் சுமை மேல் சுமை ஏற்றினால் தேய்கின்றன. சுமை ஒன்றுதான், அதைக் கொடுக்கும் முறையில் இருக்கிறது வேறுபாடு. இந்த வேறுபாட்டை ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கக் கல்லூரியைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை. அவர்களில் பலர் படிப்போடு பகுதிநேரமாகச் சிலிண்டரும் தண்ணீர் கேனும் மாடிக்குச் சுமப்பவர்கள். இடுப்பை மடக்கி, முதுகை வளைக்காமல் தரையிலிருந்து ஒரு பொருளை எடுக்கக் கற்றுக்கொண்டால், அதே வாரமே அது அவர்களுக்குப் பயன்படும்.

இனி என் தொழிலிலிருந்து பேசுகிறேன். என்னிடம் தோள் இறுகிப்போய், சட்டை போடக் கையைத் தூக்க முடியாமல் வருபவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் சிலருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நம் சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு தழுவி நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10 கோடிப் பேருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இவர்களில் எல்லோரும் பருமனானவர்கள் அல்லர். புனே மருத்துவர் யாஜ்னிக், தம்மையும் ஓர் ஆங்கிலேய மருத்துவ நண்பரையும் அருகருகே நிறுத்திய படத்தை 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். இருவரின் உடல் நிறைக் குறியீடும் (BMI, உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 22.3 தான், ஆனால் நண்பரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. இதுவே நம்மில் மிகப் பலரின் உடல்வாகு. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே 19 வயதில் ஒரு மாணவர் தொடையிலும் முதுகிலும் சேர்த்துக்கொள்ளும் தசை, 39 வயதில் அவருக்குக் கைகொடுக்கும் சேமிப்பு.

எலும்பின் கதையும் அப்படியே. எலும்பின் உறுதி இருபதுகளில் உச்சத்தை அடைந்து, பிறகு மெல்லக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வேகமாகக் குறைகிறது. சுமையோடு உட்கார்ந்து எழும்போது தொடை எலும்பின் கழுத்துப் பகுதியும் முதுகெலும்பும் அழுத்தத்தை ஏற்கின்றன. வயதான காலத்தில் விழுந்தால் முறிவது இவையே. எங்கள் தெருவில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையான பாட்டிகளை நினைக்கும்போதெல்லாம், அவர்களுடைய பேத்திகளின் கல்லூரி வயதை வீணாக்கிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவதோடு, குறைந்தது இரண்டு நாட்கள் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப்பயிற்சி தர வேண்டும் என்கிறது. முதல் பாதியை நம் மருத்துவர்கள் நடைப்பயிற்சி என்று ஓயாமல் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் பாதியைச் சொல்பவர்கள் குறைவு. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், கைப்பிடியின் வலு (கையால் இறுக்கிப் பிடிக்கும் விசை) ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பின் வாய்ப்பு 16 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. கைப்பிடியை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. உடல் முழுவதன் வலுவுக்கும் அது ஓர் அடையாளம், அவ்வளவே. மனத்துக்கும் இதில் பயன் உண்டு. வலுப்பயிற்சி பற்றிய 33 சோதனைகளை, 1,877 பேரின் விவரங்களோடு தொகுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவதைக் காட்டியது. அரியர் வைத்துக்கொண்டு, வீட்டுக்கும் சொல்ல முடியாமல், வகுப்புக்கும் போக மனமில்லாமல் கேண்டீன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையனை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். போன வாரம் 60 கிலோ, இந்த வாரம் 62.5 கிலோ என்பது அவனுக்கு யாரும் மறுக்க முடியாத முன்னேற்றம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலுதூக்குவோருக்கு 1,000 மணிநேரப் பயிற்சிக்கு ஒன்று முதல் 4.4 வரை காயங்கள் ஏற்படுவதாகத் தெரிகிறது. கால்பந்து ஆட்டங்களில் ஏற்படுவதைவிட இது மிகவும் குறைவு. தோள், கீழ்முதுகு, முழங்கால் ஆகியவையே அதிகம் பாதிக்கப்படுகின்றன. மூச்சை அடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் சில நொடிகளுக்குக் கடுமையாக ஏறும் என்பதால், உயர் இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ குடலிறக்கமோ உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதி இல்லாமல் ராடைத் தொடக் கூடாது. ஆகவே சேர்க்கையின்போதே இரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது; இந்த ஒரு பரிசோதனையே பல மாணவிகளுக்கு உதவியாக அமையும். பெஞ்ச் பிரஸ்ஸை எவரும் தனியாகச் செய்யக் கூடாது. தலைமாட்டில் ஒருவர் நிற்காமல் பலகையில் படுக்க விடாதீர்கள். எடைப்பிரிவுக்காகப் பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல் எடை குறைக்கும் பழக்கத்தைத் தொடக்கநிலை மாணவர்களிடம் அடியோடு தடுத்துவிடுங்கள்.

ஊசி பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஸ்டீராய்டு பற்றிய பேச்சு ஒரு மாணவரின் காதில் முதலில் விழுவது பெரும்பாலும் கல்லூரிக்கு வெளியே, அவர் தனியாகப் போகும் இடத்தில்தான். இதயத்தையும் கல்லீரலையும் இனப்பெருக்க ஆற்றலையும் அது என்ன செய்யும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. கல்லூரி அறையைத் திறந்துவைத்தால் அந்தப் பேச்சை நீங்கள் முந்திக்கொள்ளலாம். புரத மாவு டப்பாக்களும் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். காசிமேட்டு மத்தியும் நெத்திலியும், வீட்டுச் சுண்டலும் தயிரும் தொடக்கநிலை மாணவருக்குப் போதும்.

மாணவிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தமே. நான் படித்த கல்லூரியில் ராடு இருந்தது. சாவி பையன்களின் அணிக்கு மட்டும் கிடைத்தது. எழுத்தில் கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்று பதில் வந்தது. கடைசியில் எங்கள் பகுதித் தேகப்பயிற்சிசாலையின் மாஸ்டர்தான், ஆண்கள் வருவதற்கு முன் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை எனக்கும் இன்னும் இரு பெண்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். முதல் இரண்டு வாரம் ராடைத் தொடவே விடவில்லை. துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னார். கர்ப்பப்பையைப் பற்றிய அந்த அச்சத்துக்கு, முறையாகப் பயிற்சி செய்யும் இளம்பெண்களிடம் ஆதாரமில்லை. அதிக எடை தூக்கும் பெண்கள் சிலருக்குச் சிறுநீர்க் கசிவு ஏற்படுவது உண்மை. அதை மறைக்காமல் சொன்னால், மூச்சு விடும் முறையாலும் இடுப்புத்தளத் தசைகளுக்கான (சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்குபவை) பயிற்சியாலும் பெரும்பாலும் சரிசெய்ய முடிகிறது. மாதவிடாய் நாட்களில் பயிற்சி செய்வதும் செய்யாதிருப்பதும் அந்தப் பெண்ணின் விருப்பம். மாணவிகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், உடனிருக்க ஒரு பெண் ஆசிரியரையோ மூத்த மாணவியையோ நியமியுங்கள். மற்றவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இடமில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது என்பதுதான் இந்த விளையாட்டின் பெரிய வசதி. மழை பெய்தால் குளமாகும் மைதானங்களையும், மைதானமே இல்லாத கல்லூரிகளையும் நான் அறிவேன். போட்டி மேடையே இரண்டரை மீட்டர் நீள அகலம் இருந்தால் போதும் என்கின்றன விதிகள். ஒரு வகுப்பறையில் பாதி, தரையில் கெட்டியான ரப்பர் விரிப்பு, 20 கிலோ ராடு ஒன்று, 150 கிலோவுக்குப் பிளேட்டுகள், பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ஒரு ஸ்டாண்ட், ஒரு பலகை, நன்றாகச் சுற்றும் மின்விசிறி. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் இரும்பு உங்கள் பணிக்காலத்தைத் தாண்டியும் உழைக்கும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் அது கெடுவது பூட்டிவைப்பதால்தான். பயிற்றுநர் கிடைக்கவில்லை என்றால், போட்டிகளில் தூக்கி அனுபவமுள்ளவர்கள் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள். பகுதிநேரமாக அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரிக்குள்ளேயே ஒரு போட்டி வையுங்கள். அதில் முதலிடம் பெற்றவருக்குப் பரிசு கொடுப்பதோடு, ஜூன் மாதம் தூக்கிய மொத்தத்தைவிடப் பிப்ரவரியில் யார் அதிகம் உயர்ந்தார்களோ அவருக்கும் ஒரு பரிசு கொடுங்கள்.

என்னால் முடிந்ததையும் எழுதிவிடுகிறேன். நம் பகுதியில் எந்தக் கல்லூரி இந்த அறையைத் திறந்தாலும், முதல் இரண்டு மாதங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறரை மணிக்கு நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம். மாணவர்களின் தோளையும் இடுப்பையும் முழங்காலையும் பரிசோதித்து, யார் எதைச் செய்யலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஒரு பதிவேட்டில் எழுதித் தருகிறேன். முதல் இரண்டு வாரத்துக்கு இரும்புகூடத் தேவைப்படாது. ஆளுக்கொரு துடைப்பக் கட்டை இருந்தால் போதும். அதையும் நானே கொண்டுவந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த ஓர் இயன்முறை மருத்துவர்